சத்தம் போடும் சட்டை

அக்டோபர் 12

அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. "எழுது, பேசாதே" என்று ஒரே ஒரு வரி அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். நான் தட்டத் தட்ட கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. நீ பதில் போட்டால் அதையும் இந்த மிஷின் பெண்தான் எனக்கு வாசிப்பாள். நீ எவ்வளவு திட்டினாலும் செய்தி அறிக்கை மாதிரி ஒரே குரலில் வாசித்துவிடுவாள். அதனால் தாராளமாகத் திட்டு.

விஷயம் பெரிதில்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது. ஏரிக்கரையில் விடியற்காலைக் காற்று முகத்தில் அறைகிறது. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது, பெயர் கொடுத்துவிட்டேன். கூட ஓடப்போவது நம் தெருமுனைப் பல் டாக்டர்.

ஆச்சரியப்படாதே. நீ போன பிறகு தினமும் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவராகத்தான் வந்து கேட்டார். "நான் தினமும் ஓடுறேன். கூட வர்றீங்களா? கயிறை எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க." நல்ல மனிதர். ஓடும்போது வாயையே திறக்கமாட்டார். நாள் முழுக்க அடுத்தவர்களைத் திறக்கச் சொல்லி அலுத்துப்போயிருக்கும்.

அவரிடம் இருப்பது ஒரு கம்பளி ஸ்வெட்டர். ஏரியைப் பாதி சுற்றுவதற்குள் வியர்வையில் ஊறிக் கனத்துவிடுகிறது, அப்புறம் அதுவே குளிரடிக்கிறது. என்னிடம் அதுவும் இல்லை. "எந்த மாதிரி விண்ட்பிரேக்கர், அதான் காத்தைத் தடுக்கிற சட்டை, வாங்கலாம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? செருப்பிலிருந்து சீப்பு வரைக்கும் எனக்கு எல்லாம் வாங்கியது நீதானே. இரண்டு பார்த்து அனுப்பு. அவர் என் உயரம்தான். வயிறு மட்டும் கொஞ்சம் தாராளம்.

நீ ஸ்கூல் வேன் ஓட்டும் வேலையை ஏன் விட்டாய் என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள். எங்கேயோ ஒரு ஊரில், மருந்துக் குடோனில் உட்கார்ந்து பெட்டிக்குச் சீட்டு ஒட்டுவதற்காகவா அந்த வேலையை விட்டாய்? நான் கேட்க நினைப்பது வேறு. பதினேழு வயதில் எனக்குப் பார்வை முழுக்கப் போய், கட்டிலை விட்டு எழமாட்டேன் என்று கிடந்தபோது, என் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஓட வைத்தவள் நீ. அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போக அப்படி என்ன அவசரம்? பதில் எழுத வேண்டாம். சட்டையை அனுப்பு, போதும்.

தம்பி


அக்டோபர் 21

டேய்,

உன் மிஷின் பெண் நன்றாக இருக்கட்டும். அவளாவது வீட்டில் ஒரு ஆள் சொல்வதைக் கேட்கிறாள்.

கடைக்குப் போனேன். விண்ட்பிரேக்கர் என்று கேட்டால் கடைக்காரர் முதலில் மழைக்கோட்டை எடுத்துப் போடுகிறார். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஏமாந்துவிடக்கூடாது. மழைக்கோட்டு வெளியே இருக்கிற தண்ணீரையும் விடாது, உள்ளே இருக்கிற சூட்டையும் விடாது. கால் மணி நேரம் ஓடினால் ஆளை வேகவைத்துவிடும். நமக்கு வேண்டியது காற்றைத் தடுக்கணும், வியர்வையை வெளியே விடணும். அக்குளில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கிறதா, முதுகில் மடிப்புக்குக் கீழே திறப்பு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். ஜிப்பு தாடை வரைக்கும் வருகிறது, தோலைக் கடிக்காமல் மேலே ஒரு துணி மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள். மணிக்கட்டில் ரப்பர் இறுக்கமாக இருந்தால் உனக்குக் கயிறு கட்ட இடைஞ்சல், அதனால் தளர்வானதாகப் பார்த்தேன். தலைமூடி வைத்தது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காதை மூடினால் நீ ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாய்.

இரண்டும் ஒரே நீலம். துணி அவ்வளவு மெல்லிசு, கையில் பிடித்தால் பிடித்த மாதிரியே இல்லை. "இது புதுத் துணிங்க, போட்டதே தெரியாது, கொஞ்சம்கூடச் சத்தம் வராது" என்றார் கடைக்காரர். விலை கொஞ்சம் கூடத்தான். அதைப் பற்றி நீ வாயைத் திறக்காதே.

ஒரு கூத்து கேள். வெளியே வரும்போது ஒரு ஆள்மேல் இடித்துவிட்டேன். "மன்னிச்சுக்குங்கண்ணே, பார்க்கல" என்றேன். அந்த அண்ணன் ஒன்றுமே பேசவில்லை. கோபமாக்கும் என்று இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டேன். பார்த்தால் ஸ்வெட்டர் மாட்டி நிறுத்தி வைத்திருந்த பொம்மை. கடைக்காரர் கல்லாவில் விழுந்து விழுந்து சிரித்தார்.

டாக்டரிடம் சொல்: "மேடு" என்றால் நீ காலைத் தூக்குவாய். "கூட்டம்" என்றால் அவர் முதுகோடு ஒட்டிக்கொள்வாய். திடீரென்று நிற்கக்கூடாது, நிற்பதற்கு முன்னால் சொல்லணும். வாயைத் திறக்காத மனிதர் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். வேன் அலுத்துவிட்டது, அவ்வளவுதான். எத்தனை வருடத்துக்குத்தான் அதே பிள்ளைகளின் வாந்தியைக் கழுவுவது?

அக்கா


நவம்பர் 3

அக்கா,

விழுந்துவிட்டேன். முழங்கால், உள்ளங்கை, தாடை. பல்லுக்கு ஒன்றும் இல்லை. கூட விழுந்தவர் பல் டாக்டர் என்பதால் அங்கேயே உட்கார்ந்து விரலை விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டார். ஓடிய நாளெல்லாம் பேசாத மனிதர் அன்றைக்கு அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர்மேல் தப்பில்லை. உன் சட்டைமேல்தான் தப்பு.

இதுவரைக்கும் மெதுவாகத்தான் ஓடினோம். புதுச் சட்டை வந்த உற்சாகத்தில் வேகம் எடுத்தோம். எதிர்க்காற்று. அவர் காலடிச் சத்தம் காற்றில் போய்விட்டது. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. கயிறு மட்டும் கையில் இருக்கிறது, அதன் அந்த முனையில் யாரோ. அவர் பள்ளத்தைச் சுற்றி விலகினார், கயிறு இழுத்தது, நான் திரும்புவதற்குள் கால் உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து டிஞ்சர் எரிய எரிய யோசித்தபோதுதான் விளங்கியது. உன்னோடு ஓடியபோது நான் கயிற்றை நம்பி ஓடவே இல்லை. நீ வருடம் பூராவும், கோடையில்கூட, நடைபாதையில் வாங்கிய அந்தப் பழைய ஊதாச் சட்டையை மாட்டிக்கொண்டு வருவாயே, அதன் சத்தத்தை நம்பித்தான் ஓடினேன். காகிதப் பையைக் கசக்குகிற மாதிரி சரக் சரக் என்று. நீ திரும்பப்போகிறாய் என்றால் முதலில் உன் தோள் அசையும், சத்தம் மாறும், அப்புறம்தான் கயிறு இழுக்கும். அதற்குள் என் கால் திரும்பியிருக்கும். இத்தனை வருடம் இது எனக்கே தெரியாது, பார்.

அதனால் அந்த ஊதாச் சட்டையை அனுப்பிவிடு. டாக்டருக்கு வயிற்றில் கொஞ்சம் இறுக்கும், பரவாயில்லை என்கிறார்.

இன்னொன்று. இரண்டும் ஒரே நீலம் என்று எழுதியிருந்தாய். ஒன்று நீலம், ஒன்று கரும்பச்சையாம். அம்மா பார்த்துச் சொன்னாள். "கடைக்காரன் ஏமாத்திட்டான் போல, அவ அப்படி ஏமாறமாட்டாளே" என்றாள். எனக்கு எந்த நிறமானால் என்ன. ஆனால் வேன் கண்ணாடியில் ஈ உட்கார்ந்தால்கூடப் பார்க்கிறவள் நீ.

தம்பி


நவம்பர் 10

டேய் தம்பி,

நான் சொன்னேனா இல்லையா? வாயைத் திறக்காத மனிதரோடு போகாதே என்றேனா இல்லையா? தாடை உடைந்திருந்தால் என்ன செய்வாய்? போதும். பெயரை வாபஸ் வாங்கு. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். உடம்பு வலுவுக்கு வீட்டு மாடியிலேயே நின்ற இடத்தில் ஓடலாம். உனக்குப் பதக்கம் கிடைக்கவில்லை என்று யாரும் அழப்போவதில்லை.

ஊதாச் சட்டையை அனுப்ப முடியாது. எனக்கு வேண்டும். நானும் இங்கே காலையில் ஓடுகிறேன்.

சும்மா இருக்க மனம் கேட்காமல் நேற்று வேலை முடிந்து அந்தக் கடைக்கு மறுபடியும் போனேன். "சத்தம் வர்ற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் சத்தம் வருதுன்னு திருப்பிக் குடுக்க வர்றாங்க, நீங்க ஒருத்திதான் சத்தத்தைக் கேட்டு வர்றீங்க" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துக் காதுகிட்டே வைத்துக் கசக்கிப் பார்த்தேன். எல்லாம் ஊமைத் துணி. இப்போது எவனும் சத்தம் போடுகிற துணி செய்வதில்லையாம். கடையில் துணி வாங்க வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

வெளியே வருவதற்குள் இருட்டிவிட்டது. இந்த ஊரில் தெருவிளக்கு என்று பேருக்குத்தான் வைத்திருக்கிறார்கள். கடை வாசலில் ஒரு படி இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை, கணுக்கால் பிசகிவிட்டது. கடைக்காரர் பாவம், ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டுப் போனார். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லி வைக்காதே.

பெயரை வாபஸ் வாங்கிவிட்டேன் என்று எழுது.

அக்கா


நவம்பர் 16

அக்கா,

பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதினாயே, அதை அம்மாவுக்குச் சொன்னேன், சிரித்தாள். நானும் சிரித்தேன். போன வாரம் உன் கடிதம் வந்ததிலிருந்து சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பதினான்கு வயதில், பள்ளிக்கூட வராந்தாவில், கொக்கியில் தொங்கிய மழைக்கோட்டிடம் "சாரி சார்" என்றேன். உனக்கு நினைவிருக்கும், வீட்டில் வைத்து எல்லோரும் ஓட்டினீர்கள். அப்புறம் எது நீலம், எது பச்சை என்று சண்டை போட்டேன். அப்புறம் பகலில் நன்றாக இருப்பேன், பொழுது சாய்ந்தால் படி தெரியாது. அம்மா மாடிப்படி ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளை நாடா ஒட்டினாள். அதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஏறி இறங்கினேன். அதுவும் தெரியாமல் போனபோது அவளே உட்கார்ந்து கரண்டியால் சுரண்டி எடுத்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நீ வேனை விட்டாய். போனில் பேசமாட்டேன் என்கிறாய். நீ பொய் சொன்னால் மூச்சை வைத்தே நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

ஜூன் மாதம் நாம் கடைசியாக ஓடிய காலையில் கயிற்றை வெடுக்கென்று இழுத்தது நான். எங்கேயோ தார்ப்பாய் படபடவென்று அடிக்கிற சத்தம் முன்னால் கேட்டது, நீ அதற்கு நேராகப் போய்க்கொண்டே இருந்தாய். "தூக்கக் கலக்கம்டா" என்றாய். நம்பினேன். அடுத்த வாரம் ஊரை விட்டுப் போய்விட்டாய்.

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. உனக்கும் வந்துவிட்டதா அக்கா?

தம்பி


நவம்பர் 19

உன் வேலையைப் பார்த்துக்கொண்டு இரு. தண்ணீர் வரவில்லை, தண்ணீர் கலங்கி வருகிறது என்று போனில் புகார் எடுக்கிற ஆளுக்குக் கண் டாக்டர் என்று நினைப்பு. படி தடுக்கி விழுந்தால் உடனே நோயா? ஊரில் ஒருவரும் விழுவதில்லையா?

அம்மாவிடம் இதையெல்லாம் உளறினாயோ, இந்த ஜென்மத்தில் உனக்கு ஒரு வரி எழுதமாட்டேன்.


நவம்பர் 21

அக்கா,

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "இல்லை" என்கிற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.

தம்பி


நவம்பர் 30

தம்பி,

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று குடோனில் மின்சாரம் போய்விட்டது. ஜன்னல் இல்லாத இடம். மற்றவர்கள் எல்லோரும் தடவித் தடவி வாசலுக்குப் போய்விட்டார்கள், வெளியே நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். கத்திக் கூப்பிட்டிருக்கலாம், வெட்கமாக இருந்தது. மின்சாரம் வந்தபோது கையில் ஒட்டவேண்டிய சீட்டு கசங்கி உருண்டையாகிவிட்டிருந்தது.

ஆமாம். வந்துவிட்டது.

உன்னை டாக்டரிடம் காட்டிய ஒவ்வொரு முறையும் என்னையும் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். "பொண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றார்கள். கடைசியாகப் பார்த்த அன்றைக்கு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் அழுதாள், சந்தோஷத்தில். அந்த ஒரு சந்தோஷம்தான் அவளுக்கு மிச்சம். அதை எப்படிடா நான் போய்ப் பிடுங்குவது?

நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. படிக்க முடிகிறது, எழுத முடிகிறது, குழல்விளக்குக்குக் கீழே சீட்டு ஒட்ட முடிகிறது. ஓரத்தில்தான் இல்லை. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இந்த உலகத்தில் இதை விளக்கவேண்டிய அவசியமில்லாத ஒரே ஆள் நீ, உன்னிடம்தான் மறைத்துக்கொண்டு திரிகிறேன்.

வேனில் ஒரு நாள் இடது பக்கம் ஒரு சைக்கிள். கண்ணாடியில் பார்த்தேன், அப்புறம் இல்லை. போய்விட்டான் என்று திருப்பினேன். தட்டென்று ஒரு சத்தம். அவன் வேனில் அடித்துக் கத்துகிறான், "கண்ணு தெரியலயா உனக்கு?" சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் வீட்டில் விட்டுவிட்டு, வேனைக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டதற்கு இடுப்பு வலி என்றேன்.

அந்தக் காலை நீ கயிற்றை இழுத்தாயே, அது தார்ப்பாய் போர்த்தி, இரும்புக் கம்பி ஏற்றிய தள்ளுவண்டி. கம்பிகள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, உன் நெஞ்சு உயரத்துக்கு. அரை இருட்டில், உன் பக்கத்து ஓரத்தில், நான் அதைப் பார்க்கவே இல்லை. நின்ற பிறகுதான் பார்த்தேன். உன் சட்டைக்கும் கம்பி முனைக்கும் நடுவே என் கையை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு இடம்தான் இருந்தது. நீ சிரித்துக்கொண்டு, "என்னக்கா, இன்னிக்கு நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேனா?" என்றாய். அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. உன்னைக் கூட்டிப்போவதற்கென்றே இருந்தேன். நான் பாஸாகாத பரீட்சை எத்தனையோ, இது ஒன்றில்தான் பாஸாகியிருந்தேன். அதுவும் இல்லையென்றால் நான் அந்த வீட்டில் யார்? அம்மா பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். மாடிப்படிக்கு மறுபடியும் நாடா.

இங்கே நான் ஓடவில்லை. பொய் சொன்னேன். ஊதாச் சட்டை ஆணியில் தொங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் காற்றில் சரசரக்கிறது, அதனால் திறப்பதில்லை.

அதை அனுப்பிவிடுகிறேன். நீ ஓடு. பெயரை வாபஸ் வாங்காதே. டாக்டர் நல்ல மனிதர், அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்கிறவரை நம்பலாம். என்னைப் பற்றி யோசிக்காதே. இங்கே பகலில் வேலை, பொழுது சாய்வதற்குள் அறைக்கு வந்துவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா


டிசம்பர் 6

அக்கா,

ஊதாச் சட்டையை அனுப்பாதே. அது உன்னுடையது. ஜன்னலைத் திற.

நான் இன்று கடைக்குப் போனேன். முதல் முறையாக எனக்கு நானே ஒரு துணி வாங்கினேன். டாக்டரும் கூட வந்தார், அம்மாவும் "நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள். கடைப் பெண் முதலில் உன்னுடைய ஊமைத் துணியைத்தான் காட்டினாள். "சார், இது சத்தமே வராது" என்றாள். "அதுதான்மா எனக்கு வேண்டாம்" என்றேன். அவள் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் சொன்னார், "நான் ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு நின்ன இடத்துல ஓடுறேன். நீங்க தள்ளி நின்னு கேளுங்க." அப்படியே செய்தார். கடையின் இந்த மூலையில் நான். அந்த மூலையில் வயிறு குலுங்க அவர். நடுவில் ஜனங்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், அடக்க முடியவில்லை. ஒன்று நன்றாகச் சத்தம் போட்டது, ஆனால் அது மழைக்கோட்டு. நீ எழுதியது நினைவிருந்தது, வேகவைத்துவிடும். இன்னொன்று மூச்சு விட்டது, சத்தம் இல்லை. ஒன்றுக்குத் தலைமூடி, காதில் வந்து விழுந்தது. கடைசியில் கீழ்த்தட்டில் கிடந்த பழைய சரக்கு ஒன்றை எடுத்தார்கள். மெல்லிசாக, ஆனால் விறைப்பாக. அக்குளில் விரலை விட்டேன், ஓட்டை இருந்தது. முதுகில் திறப்பு இருந்தது. டாக்டர் மாட்டிக்கொண்டு கையை வீசினார். கடை இரைச்சல் எல்லாவற்றையும் தாண்டிச் சரக் சரக் என்று என்னிடம் வந்தது. அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இரண்டு வாங்கினேன். ஒன்று டாக்டருக்கு, நான் கேட்பதற்கு. இன்னொன்று எனக்கு. எனக்கு எதற்கு என்று உனக்குப் புரியும். டாக்டர் சத்தத்தைக் கேட்டு நான் ஓடப்போகிறேன். என் பின்னால் யாராவது வரலாம். காலை இருட்டில், ஓரம் தெரியாத ஆள்கூட, நடுவில் மட்டும் பார்த்துக்கொண்டு, காதை என்மேல் வைத்துக்கொண்டு வரலாம்.

நீ அந்த வீட்டில் யார் என்று கேட்டிருந்தாய். என்ன கேள்வி இது? நான் பன்னிரண்டு வருடமாகப் பார்வை இல்லாமல் இருக்கிறேன். அந்த வீட்டில் நான் யார் என்று நீ என்னைக் கேட்டாயா? கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனாய். எனக்குக் கோபம் வருகிறது அக்கா. நோய் வந்ததற்கு இல்லை. அது வந்தால் ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார்ந்து பேச முடியும், அந்த இடத்தை விட்டு ஓடினாயே, அதற்கு. எந்தப் பக்கம் முதலில் போகும், எந்த விளக்கு உதவும், எந்த நேரத்தில் பயம் வரும், எல்லாம் எனக்குத் தெரியும். ஒருத்தர்கிட்டேயும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். யாருக்கும் தேவைப்படாது என்று நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சத்தியம். ஆனால் நேற்று ஆபீஸிலிருந்து வந்தேன், மாடிப்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோல் சத்தம். கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு படி ஓரத்திலும் நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

"யாருக்கும்மா இது? எனக்குத்தான் பிரயோஜனமில்லையே."

"வர்றவங்களுக்கு" என்றாள். இன்னொரு துண்டு நாடாவை வெட்டிவிட்டு, "வேனை விட்டப்பவே தெரியும்டா. அவளாச் சொல்லட்டும்னுதான் தெரியாத மாதிரி உன்னைக் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேல் படிக்கு நாடா போதவில்லை, கடைக்குப் போய் வாங்கிவா என்று என்னை அனுப்பினாள்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை.

தம்பி


டிசம்பர் 9

தம்பி,

மூன்று நாளாக இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். திட்டி எழுதினேன், அழித்தேன். அம்மாவுக்கென்று தனியாக ஒன்று எழுதினேன், அதையும் அழித்தேன். அவளிடம் நேரில்தான் சொல்லவேண்டும். அவளுக்குத் தெரிந்திருந்தாலும் நான் என் வாயால் சொல்லவேண்டும்.

குடோனில் கணக்கை முடித்துவிட்டேன். கூட வேலை செய்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். ஒருத்தி, "அன்னிக்கு இருட்டுல நின்னுட்டிருந்தியே, ஒரு குரல் குடுத்திருந்தா நாங்க வந்திருக்கமாட்டோமா?" என்று கேட்டாள்.

ஓட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அதற்கெல்லாம் இப்போது எனக்குத் தைரியம் இல்லை, கட்டாயப்படுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவோடு கரையில் நிற்பேன். நீயும் டாக்டரும் ஓடுங்கள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் பஸ் வந்துவிடும். அந்த நேரத்தில் நிலையத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்கு அங்கே ஒவ்வொரு தூணும் தெரியும். நீ மட்டும் வா. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. என் ஊதாச் சட்டைச் சத்தம் கேட்டதும் பேச ஆரம்பித்துவிடாதே, அழுதுவிடுவேன். கையைப் பிடிக்கவும் வேண்டாம், அதெல்லாம் வீட்டுக்குப் போய். நீ பேசாமல் திரும்பி வீட்டைப் பார்த்து நட.

கொஞ்சம் கையை வீசி நட. நான் கேட்டுக்கொண்டே பின்னால் வருகிறேன்.

அக்கா